ஃப்ளாப் விழுந்த பிறகு: உட்காரும் இடமும் நடுவில் கிடக்கும் மூன்று சீட்டும்

போக்கர் பழக ஆரம்பித்த முதல் மாதம். கையில் இரண்டு ஏஸ் வந்துவிட்டது. நான்தான் முதலில் பேச வேண்டிய இடம், ரெய்ஸ் செய்தேன். மற்றவர்கள் சீட்டைக் கீழே போட்டுவிட, பிக் பிளைண்டில் இருந்த மச்சான் மட்டும் கால் செய்தான். நடுவில் முதலில் விழும் மூன்று சீட்டான ஃப்ளாப் 9, 8, 7. அதில் 9-ம் 8-ம் ஆர்ட்டின். அவன் செக் சொன்னான். நான் பெட் வைத்தேன். அவன் அதை மூன்று மடங்காக்கினான். எனக்கு யோசிக்க ஒன்றுமே இருப்பதாகத் தோன்றவில்லை. இருந்ததையெல்லாம் நடுவில் தள்ளினேன். அவன் திருப்பிக் காட்டியது ஜாக்கியும் 10-ம். 7, 8, 9, 10, ஜாக்கி என்று ஸ்ட்ரெயிட் ஃப்ளாப்பிலேயே முடிந்திருந்தது.

“மாமா, கையில இருக்கிறதையே பார்த்துக்கிட்டு இருந்தீங்க. நடுவுல என்ன கிடக்குதுன்னு பார்க்கவே இல்லையே!” என்றான்.

நல்லவேளை, நாங்கள் ஆடிக்கொண்டிருந்தது புளியங்கொட்டை வைத்து. ஆளுக்கு நூறு கொட்டை, பிளைண்ட் 1-ம் 2-ம். இந்தக் கட்டுரையில் வரும் எண்களெல்லாம் அதே கணக்குதான். இந்தியாவில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம், பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டங்களைத் தடை செய்கிறது. திறமையா அதிர்ஷ்டமா என்ற பழைய வாதத்துக்கு அதில் இடமில்லை. பழகுவதற்குப் பணம் தேவையும் இல்லை.

டெக்சாஸ் ஹோல்டெமில் எந்தக் கை எதைவிடப் பெரியது, செக், பெட், கால், ரெய்ஸ், ஃபோல்ட் என்றால் என்ன என்பது உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன். மூணு சீட்டு ஆடிவிட்டு வருபவர்கள் ஒன்றை மட்டும் மறந்துவிட வேண்டும். அங்கே பிளைண்ட் என்றால் சீட்டைப் பார்க்காமல் ஆடுவது. இங்கே பட்டனுக்கு, அதாவது டீலர் இருக்கைக்கு, அடுத்த இரண்டு பேர் (முதலாமவர் ஸ்மால் பிளைண்ட், அடுத்தவர் பிக் பிளைண்ட்) கட்டாயமாகப் போடும் முன்பணம். இன்னொரு சின்னச் சிக்கல்: நடுவில் சேரும் தொகையை ‘பாட்’ என்பார்கள். அதற்குத் தமிழில் உருபு சேர்த்தால் ‘பாட்டில்’ ஆகி வேறு எங்கோ போய்விடுகிறது. அதனால் நான் குவியல் என்றே எழுதுகிறேன்.

முதல் படி: யார் கடைசியில் பேசுகிறார்?

ஃப்ளாப் விழுவதற்கு முன்பு கடைசியில் பேசுவது பிக் பிளைண்ட். விழுந்த பிறகு வரிசை மாறிவிடும். ஸ்மால் பிளைண்ட் முதலில், அடுத்து பிக் பிளைண்ட், அப்படியே சுற்றி வந்து பட்டன் கடைசி. நான்காவது சீட்டான டர்னிலும் ஐந்தாவது சீட்டான ரிவரிலும் இதே வரிசைதான். ஆக, பட்டனில் இருப்பவர் மூன்று சுற்றிலும் எல்லோரும் என்ன செய்தார்கள் என்று பார்த்துவிட்டுத்தான் வாய் திறப்பார்.

இடம் என்பது இருக்கையின் பெயரல்ல, எதிராளியை ஒட்டியது. பட்டனுக்கு முந்தைய இருக்கையை கட்டாஃப் என்பார்கள். கட்டாஃப்பில் இருந்து நீங்கள் ரெய்ஸ் செய்து பிக் பிளைண்ட் கால் செய்தால் கடைசிப் பேச்சு உங்களுடையது. அதே ரெய்ஸுக்கு பட்டன் கால் செய்தால் உங்கள் நிலைமை தலைகீழ். ஒவ்வொரு கையிலும் ஃப்ளாப்பைப் பார்க்கும் முன்பே ‘மிச்சமிருப்பவர்களில் கடைசி யார்?’ என்று பார்த்துவிடுங்கள்.

இதனால் என்ன லாபம் என்பதை ஒரே கையை இரண்டு இடத்தில் வைத்துப் பார்த்தால் புரியும். உங்களிடம் 8-ம் 7-ம், இரண்டும் ஸ்பேட். ஃப்ளாப்பில் இரண்டு ஸ்பேட் விழுந்திருக்கிறது. இன்னும் ஒன்று வந்தால் ஃப்ளஷ். நீங்கள் பார்க்காத 47 சீட்டில் 9 ஸ்பேட் மிச்சம். அடுத்த சீட்டிலேயே அது வர சுமார் 19 சதவீதம்.

பட்டனில் இருந்தால்: எதிராளி செக் சொல்கிறார். நீங்களும் செக் சொல்லி டர்னை இலவசமாகப் பார்க்கலாம். அல்லது பெட் வைத்து அவரை ஓட்டிவிடப் பார்க்கலாம். முடிவு உங்கள் கையில்.

முன்னால் பேச வேண்டியவராக இருந்தால்: நீங்கள் செக் சொல்கிறீர்கள். குவியலில் 12 இருக்கிறது, அவர் 8 வைக்கிறார். 8 போட்டால்தான் அடுத்த சீட்டு. நீங்கள் போட்ட பிறகு குவியல் 28. 28-ல் 8 என்றால் கிட்டத்தட்ட 29 சதவீதம். உங்களிடம் இருப்பது 19. ஸ்பேட் வந்தபின் அவரிடமிருந்து கூடுதலாக வாங்கினால்தான் கணக்கு சரியாகும். அங்கேயும் முதலில் பேச வேண்டியது நீங்கள்தான். செக் சொன்னால் அவரும் செக் சொல்லிவிடலாம். பெட் வைத்தால் மூன்று ஸ்பேட்டைப் பார்த்து அவர் ஓடிவிடலாம். சீட்டு அதேதான், கிடைப்பது மட்டும் குறைகிறது.

புதிதாக ஆடுபவர்கள் அதிகம் இழப்பது மோசமான சீட்டால் அல்ல, சுமாரான சீட்டை முன்னால் பேசும் இடத்தில் இருந்து ஆடுவதால்தான் என்பது என் எண்ணம். ஸ்மால் பிளைண்டில் ‘பாதி போட்டாச்சே’ என்று கால் செய்யும் பழக்கத்தை முதலில் விடுங்கள்.

இரண்டாம் படி: மூன்று சீட்டை வாசிப்பது

ஒரு கட்டிலிருந்து 22,100 விதமாக ஃப்ளாப் விழலாம். மனப்பாடம் செய்ய நினைக்காதீர்கள். மூன்று கேள்வி போதும். ஒரே இனம் எத்தனை? எண்கள் ஒட்டி வருகின்றனவா? பெரிய சீட்டா சின்னச் சீட்டா?

மூன்றும் மூன்று இனமாக விழுவது சுமார் 40 சதவீதம். இரண்டு ஒரே இனமாக விழுவது 55. மூன்றுமே ஒரே இனம் என்பது 5 சதவீதம்தான். ஏதாவது ஒரு ஜோடி நடுவிலேயே விழுவது சுமார் 17 சதவீதம்.

ஆடுபவர்கள் ட்ரை போர்டு, வெட் போர்டு என்று பேசுவதைக் கேட்டிருப்பீர்கள். அடுத்து எந்தச் சீட்டு வந்தாலும் நிலைமை பெரிதாக மாறாது என்றால் ட்ரை. எது வந்தாலும் வயிற்றில் புளி கரைத்தால் வெட். எண்ணிப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம்.

என்னுடைய அந்த இரண்டு ஏஸையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்று ஸ்பேட், ஒன்று டைமண்ட். ஃப்ளாப் ராஜா, 7, 2 என்று மூன்று இனத்தில் விழுந்திருந்தால், இன்னும் ஒரு சீட்டு வந்தால் ஸ்ட்ரெயிட் அல்லது ஃப்ளஷ் என்று காத்திருக்கும் கை யாரிடமும் இருக்க முடியாது. ஃப்ளாப்பிலேயே செட் (கையிலிருக்கும் ஜோடியோடு நடுவில் மூன்றாவது சேர்வது) அல்லது இரண்டு ஜோடி அடித்தவரைத் தவிர எனக்குப் பயமில்லை, அப்படிப்பட்டவரும் அபூர்வம்.

உண்மையில் விழுந்ததோ 9, 8, 7, இரண்டு ஆர்ட்டினோடு. ஜாக்கி-10, 10-6, 6-5 ஆகிய மூன்றும் ஏற்கெனவே ஸ்ட்ரெயிட். அது இல்லாவிட்டாலும் டர்னைப் பாருங்கள். மிச்சமுள்ள ஆர்ட்டின் 11. ஆர்ட்டின் அல்லாத 5, 6, 10, ஜாக்கி ஒவ்வொன்றிலும் மூன்று, ஆக 12. பார்க்காத 47 சீட்டில் 23 சீட்டு என்னைக் கவலைப்பட வைக்கும். பாதிக்குப் பாதி! இரண்டு ஏஸ் அங்கே வெறும் ஒரு ஜோடி.

மூன்றாம் படி: இது யாருடைய ஃப்ளாப்?

எனக்குப் புரியவே நாளானது இந்த இடம். எதிராளியின் இரண்டு சீட்டைத் துல்லியமாக ஊகிக்க வேண்டியதில்லை. அவரிடம் இருக்கக்கூடிய எல்லாக் கைகளையும் ஒரு கூடையாக நினைத்துக்கொள்ளுங்கள். ஃப்ளாப்புக்கு முன்பு அவர் செய்தது அந்தக் கூடையில் எது கிடக்கிறது என்று சொல்லிவிடும்.

முன் இருக்கையில் (ஃப்ளாப்புக்கு முன்பு முதலில் பேசும் இடங்களில்) இருந்து ரெய்ஸ் செய்தவரின் கூடையில் பெரிய ஜோடிகள், ஏஸ்-ராஜா, ஏஸ்-ராணி போன்றவை நிறைய இருக்கும். பிக் பிளைண்டில் வெறும் கால் செய்தவரிடம் அவை குறைவு. இரண்டு ஏஸ், இரண்டு ராஜா, ஏஸ்-ராஜா இருந்திருந்தால் பெரும்பாலும் மறுபடி ரெய்ஸ் செய்திருப்பார். அவர் கூடையில் கிடப்பது சின்ன ஜோடிகள், 8-7, 6-5, 10-9 மாதிரி ஒட்டிய சீட்டுகள், சுமாரான ஏஸ்கள்.

இப்போது ஃப்ளாப்பைக் கூடைகளோடு பொருத்திப் பாருங்கள். ராஜா-7-2 ரெய்ஸ் செய்தவருடையது. அங்கே ஏஸ்-ராஜா என்ற கை மட்டுமே 12 விதமாக அமையும், அதில் பெரும்பகுதி அவர் பக்கம். 6-5-4 கால் செய்தவர் பக்கம் சாயும். 8-7, 6-5, நாலு ஜோடி, ஐந்து ஜோடி எல்லாம் அங்கேதான் இருக்கின்றன. 9-8-7-ம் அப்படித்தான். என் மச்சான் கால் செய்த சீட்டு அந்தக் கூடையில் இருந்ததில் ஆச்சரியமே இல்லை, நான்தான் கூடையைப் பார்க்கவில்லை.

பட்டனில் இருந்து ரெய்ஸ் செய்பவர் கதை கொஞ்சம் வேறு. அவர் 8-7, 6-5 எல்லாவற்றையும் வைத்து ரெய்ஸ் செய்வார். அதனால் சின்னச் சீட்டு ஃப்ளாப்பில் முன் இருக்கைக்காரர் அளவுக்கு அவர் தவிக்க மாட்டார்.

நான்காம் படி: எவ்வளவு வைப்பது, எங்கே சும்மா இருப்பது

முதலில் ஒரு கணக்கு. ஜோடி இல்லாத இரண்டு சீட்டு ஃப்ளாப்பில் ஒரு ஜோடியாவது அடிப்பது மூன்றில் ஒரு தடவைதான். அதாவது பெரும்பாலான நேரம் எதிராளிக்கு ஒன்றும் கிடைத்திருக்காது. உங்களுக்கும்தான். குவியலில் பாதி வைத்து பிளஃப் செய்தால் (வெறுங்கையோடு பெட் வைத்தால்), மூன்றில் ஒரு முறை அவர் ஃபோல்ட் செய்தாலே நஷ்டமில்லை. குவியல் அளவுக்கே வைத்தால் இரண்டில் ஒரு முறை ஃபோல்ட் செய்ய வேண்டும். பெட் சின்னதாக இருந்தால் அது பலித்தாக வேண்டிய தடவையும் குறைவு.

நீங்கள் பட்டனில். 5-க்கு ரெய்ஸ், ஸ்மால் பிளைண்ட் ஃபோல்ட், பிக் பிளைண்ட் கால். குவியலில் 11. ஃப்ளாப் ராஜா-7-2, மூன்று இனம். அவர் செக். இங்கே கையில் என்ன இருந்தாலும் 4 வைக்கலாம் என்பேன். 4 வைத்து 11-ஐ எடுக்கப் பார்க்கிறீர்கள். நான்கில் ஒரு தடவைக்குச் சற்று மேல் அவர் ஃபோல்ட் செய்தால் போதும். 10-8, 9-6 மாதிரி சீட்டை வைத்துக்கொண்டு அவர் வேறு என்ன செய்வார்? பெரிதாக வைக்க வேண்டிய அவசியமே இல்லை. டிராவே, அதாவது இன்னும் ஒரு சீட்டுக்காகக் காத்திருக்கும் கையே, இல்லாத இடத்தில் யாரை விரட்ட?

அதே பட்டன், அதே 11, ஆனால் ஃப்ளாப் 9-8-7, இரண்டு ஆர்ட்டின். இப்போது குணம் மாற வேண்டும். ஒன்றும் இல்லாத கையெல்லாம் செக். கடைசியில் பேசுபவர் செக் சொன்னால் அடுத்த சீட்டு இலவசம், அந்த வசதியை வாங்கிக்கொள்ளுங்கள். பெட் வைப்பது குறைவான கைகளோடு, ஆனால் வைத்தால் 7 அல்லது 8 என்று நன்றாக வைக்க வேண்டும்: செட், இரண்டு ஜோடி, பெரிய ஜோடி, ஃப்ளஷோ ஸ்ட்ரெயிட்டோ ஆகக்கூடிய வலுவான டிரா. காத்திருப்பவர்களிடம் டிக்கெட் காசு வாங்குகிறீர்கள். திருப்பி ரெய்ஸ் வந்தால் ஒற்றை ஜோடியோடு எல்லாவற்றையும் தள்ளாதீர்கள். அந்தப் பாடத்துக்கு நான் ஏற்கெனவே நூறு புளியங்கொட்டை கொடுத்துவிட்டேன்.

அடுத்தது சங்கடமான நிலை: நீங்கள் முன் இருக்கையில் ரெய்ஸ், பட்டன் கால். வலுவான கூடை உங்களுடையது, நல்ல இடம் அவருடையது. இங்கே நிறையச் செக் சொல்லுங்கள், நல்ல கையோடும் சொல்லுங்கள். செக் என்றாலே கையில் ஒன்றுமில்லை என்று அவர் கண்டுகொண்டால் ஒவ்வொரு தடவையும் பெட் வைத்துத் துரத்துவார். செக் சொன்ன கைகளில் இரண்டு ராஜாவும் அவ்வப்போது இருந்தால் அவர் கொஞ்சம் யோசிப்பார். ஏஸ் அல்லது ராஜா உச்சத்தில் இருக்கும் ட்ரை ஃப்ளாப் என்றால் சின்ன பெட் இங்கேயும் சரிதான்.

நீங்கள் பிக் பிளைண்டில் கால் செய்தவர் என்றால், பெரும்பாலும் முதல் வேலை செக் சொல்வது. ரெய்ஸ் செய்தவர் எப்படியும் பேசப்போகிறார், அவர் பேசிய பிறகு பதில் சொல்வது நமக்கு வசதி. அவர் 11-க்கு 4 வைத்தால், போடும் 4-க்கு உங்களுக்குத் தேவை 21 சதவீதம்தான். நடு ஜோடி, கடைசி ஜோடி, ஏஸ் உச்சத்தோடு ஒரு டிரா எல்லாம் கால் செய்யத் தகும். சின்ன பெட்டுக்கெல்லாம் பாதிக்கு மேல் ஃபோல்ட் செய்துகொண்டிருந்தால் அவர் சீட்டைப் பார்க்காமலே ஜெயித்துக்கொண்டிருப்பார். 6-5-4 மாதிரி உங்கள் கூடைக்குப் பொருந்தும் ஃப்ளாப்பில் செக் சொல்லிவிட்டு ரெய்ஸ் செய்யுங்கள்: ஸ்ட்ரெயிட், செட், இரண்டு ஜோடி, அவற்றோடு சில நல்ல டிரா. வலுவான கையோடு மட்டும் ரெய்ஸ் செய்தால் இரண்டே வாரத்தில் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்துவிடும்.

ராணி-ராணி-5 மாதிரி ஜோடி விழுந்தால் இரண்டு பக்கமும் பெரும்பாலும் வெறுங்கைதான். முதலில் சின்னதாகக் கேட்பவர் அடிக்கடி எடுத்துக்கொண்டு போவார். மூன்றும் ஒரே இனமாக விழுந்தால் பெட் சின்னதாகவே இருக்கட்டும். அந்த இனத்தின் ஏஸ் உங்களிடம் இருக்கிறதா என்பதுதான் அங்கே பெரிய கேள்வி.

நான்கு பேர் ஃப்ளாப்பைப் பார்க்கும்போது

இதுவரை சொன்னதெல்லாம் இருவர் மட்டும் மிஞ்சிய கைக்கு. வீட்டு ஆட்டத்தில் அது எங்கே நடக்கிறது? ‘சும்மா ஒரு ஃப்ளாப் பார்ப்போம்’ என்று நான்கு பேர் உள்ளே இருப்பார்கள். ஒவ்வொருவரும் 60 சதவீதம் ஃபோல்ட் செய்வார்கள் என்று வைத்துக்கொண்டாலும், இருவரும் சேர்ந்து ஃபோல்ட் செய்வது 36 சதவீதம், மூவரும் என்றால் 22-தான். வெறுங்கைப் பெட்டை மூட்டை கட்டி வைத்துவிடுங்கள். அடித்த கையோடு பெட், டிரா என்றால் விலை பார்த்துக் கால், மற்றபடி செக். எதற்கும் ஃபோல்ட் செய்யாத ஒரு பெரியப்பா ஒவ்வொரு மேஜையிலும் இருப்பார். அவரிடம் பிளஃப் செய்வது சுவரிடம் பேசுவது மாதிரி. நல்ல கை வரும்போது அவரிடம் தாராளமாகக் கேளுங்கள், அதுவே போதும்.

டர்ன் வந்ததும்

மூன்று கேள்வியையும் மறுபடி கேளுங்கள். ராஜா-7-2-ல் சின்ன பெட்டுக்கு அவர் கால் செய்து, டர்னில் ஏஸ் வந்தால் அது பெரும்பாலும் ரெய்ஸ் செய்தவருக்கான சீட்டு. இன்னொரு பெட் வைக்கலாம். 9-8-7-ல் மூன்றாவது ஆர்ட்டின் வந்தால் ஒற்றை ஜோடி வாயை மூடிக்கொள்ள வேண்டும்.

டிராவுக்கு ஒரு குறுக்குவழி உண்டு. உங்களுக்கு உதவும் சீட்டுகளை எண்ணி, ஒரே சீட்டு பாக்கி என்றால் 2-ஆல், இரண்டு சீட்டு பாக்கி என்றால் 4-ஆல் பெருக்குங்கள். ஃப்ளஷுக்கு 9 சீட்டு என்றால் 18-ம் 36-ம் (உண்மையில் 19-ம் 35-ம்). பலரும் ஏமாறுவது இந்த 4-ல்தான். இரண்டு சீட்டையும் ஒரே விலைக்குப் பார்க்க முடிந்தால்தான் அது செல்லும். டர்னில் இன்னொரு பெட் வரும் என்றால் ஃப்ளாப்பில் 2-ஆல்தான் பெருக்க வேண்டும்.

வீட்டுப்பாடம்

ஒரு கட்டை எடுத்துக் கலைத்து, மூன்று சீட்டைத் திருப்புங்கள். இனம், ஒட்டு, உயரம்: சத்தமாகச் சொல்லுங்கள். பிறகு ‘முன் இருக்கையா, பிக் பிளைண்டா, யாருடையது?’ என்பதற்கும் பதில் சொல்லுங்கள். ஒரு நாளைக்கு இருபது ஃப்ளாப். பத்து நிமிடம்கூட ஆகாது.

முதல் ஃப்ளாப்பை நானே தருகிறேன். நீங்கள் பிக் பிளைண்டில், கையில் 10-ம் 9-ம், இரண்டும் டைமண்ட். பட்டன் 5-க்கு ரெய்ஸ், நீங்கள் கால், குவியல் 11. ஃப்ளாப்: 8 டைமண்ட், 7 டைமண்ட், 2 கிளாவர். நீங்கள் செக், அவர் 4.

எண்ணிப் பாருங்கள். ஃப்ளஷுக்கு 9 சீட்டு. ஸ்ட்ரெயிட்டுக்கு ஜாக்கியும் 6-ம். அவற்றில் டைமண்டை ஏற்கெனவே எண்ணிவிட்டதால் மிச்சம் 6. ஆக 15. ரிவருக்குள் இவற்றில் ஒன்று வர 54 சதவீதம். ஒரு ஜோடிகூட இல்லாத கை, ஆனால் இரண்டு ஏஸ் வைத்திருப்பவரே பயப்பட வேண்டிய கை. 14-க்கு ரெய்ஸ் செய்யுங்கள். ஏஸ்-ராணி, ராஜா-4 எல்லாம் அங்கேயே விழுந்துவிடும். கால் வந்தாலும் பாதிக்கு மேல் உங்கள் பக்கம்.

இப்போது அதே இரண்டு சீட்டோடு பட்டனுக்கு மாறி உட்காருங்கள். ஃப்ளாப் அதே, எதிராளி முன்னால் பேசி 4 வைக்கிறார். ரெய்ஸ் செய்யலாம். ஆனால் வெறும் கால் செய்தாலும் எதுவும் கெட்டுப்போகாது. டர்ன் விழுந்த பிறகும் முதலில் பேச வேண்டியது அவர்தான்.